எழுத்தைப் பெரிதாக்கிய முடிவு: பாம் பீச் கவுண்டி வாக்குச்சீட்டு, 2000

பின்னணி

2000 நவம்பர் 7 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலம் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு 29,12,790 வாக்குகளும் அல் கோருக்கு 29,12,253 வாக்குகளும் அளித்தது என்கிறது அதிகாரபூர்வக் கணக்கு. வித்தியாசம் 537. ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த மாநிலம் அது. மற்ற மாநிலங்களின் கணக்கு முடிந்தபோது இருவருமே தேவையான 270 தேர்வாளர் வாக்குகளை (மாநிலவாரியாக ஒதுக்கப்பட்டு, அதிபரைத் தீர்மானிப்பவை) எட்டியிருக்கவில்லை. ஃபுளோரிடாவின் 25 யாருக்கோ, அவரே அதிபர் என்ற நிலை.

537 என்ற எண்ணுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்ற 97,000 வாக்குகள், வாக்காளர் பட்டியலிலிருந்து தவறாக நீக்கப்பட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த தபால் வாக்குகள் என்று பட்டியல் நீளும். வித்தியாசம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது எந்தக் காரணத்தைத் தூக்கிக் காட்டினாலும் அது போதுமானதாகவே தெரியும். இந்த ஆய்வு அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது: அட்லாண்டிக் கரையிலுள்ள பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பகுதி) பயன்படுத்தப்பட்ட வாக்குச்சீட்டு. சதி எதுவும் இல்லாமல், நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட ஒரு முடிவு என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது கடினம். சம்பந்தப்பட்ட அலுவலர்களின் பெயர்கள் பல நூல்களில் இருக்கின்றன. இங்கே அவை தேவைப்படவில்லை.

சீட்டு உருவான விதம்

அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது கவுண்டி அளவிலான அலுவலகங்கள். எந்த இயந்திரம், சீட்டில் எந்த வரிசை அமைப்பு என்பதைச் சட்டத்தின் எல்லைக்குள் அவையே முடிவு செய்கின்றன. பாம் பீச்சில் அந்தப் பொறுப்பு ஒரு தேர்தல் மேற்பார்வையாளரிடம் இருந்தது. இளம் வயதிலேயே அந்த அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பின்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். கோரின் கட்சியான ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவரும்கூட. அதாவது, இந்தச் சீட்டால் யாருடைய வாக்குகள் சிதறினவோ அந்தக் கட்சியையே சேர்ந்தவர்.

கவுண்டி பயன்படுத்தியது துளைச்சீட்டு முறை. வாக்காளர் ஓர் அட்டையைச் சிறிய கருவிக்குள் செருகுவார். அதன்மேல் புத்தகம்போல் விரியும் பக்கங்களில் வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும். பக்கங்களின் நடுவே செல்லும் துளை வரிசையில், விரும்பியவருக்கு உரிய துளையில் ஊசி போன்ற குத்துகோலை அழுத்த வேண்டும். அடியிலுள்ள அட்டையிலிருந்து நுண்ணிய காகிதத் துணுக்கு ஒன்று கழன்று விழும். பின்னர் உலகப் புகழ் பெற்ற ‘சாட்’ இதுதான். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அட்டையில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டுமே உண்டு. வெளியே எடுத்துப் பார்த்தாலும் யாருக்கு வாக்களித்தோம் என்று தெரியாது.

1998-ல் ஃபுளோரிடா தன் அரசமைப்பைத் திருத்தி, சிறிய கட்சிகள் வாக்குச்சீட்டில் இடம்பெறுவதை எளிதாக்கியது. விளைவாக, 2000-ல் அதிபர் பதவிக்கு மட்டும் பத்து ஜோடி (அதிபர், துணை அதிபர்) வேட்பாளர்கள். பத்தையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் எழுத்து சிறுத்துவிடும். பாம் பீச்சோ ஓய்வுபெற்றவர்கள் திரளாக வாழும் கவுண்டி. கண்பார்வை மங்கியவர்கள் திணறுவார்களே என்று மேற்பார்வையாளர் கவலைப்பட்டார். எழுத்தைப் பெரிதாக வைத்து, பெயர்களை இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் நான்கு என்று எதிரெதிராகப் பிரித்தார். துளை வரிசை இரண்டுக்கும் நடுவே ஒன்றுதான். இரு சிறகும் நடுவில் உடலுமாகத் தெரிந்ததால் ‘வண்ணத்துப்பூச்சிச் சீட்டு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் இங்கேதான். ஆளுநர் பதவியை வென்ற கட்சிக்கு முதல் இடம், அடுத்து வந்த கட்சிக்கு இரண்டாம் இடம் என்பது மாநிலச் சட்டம். அதன்படி இடப்பக்கத்தில் முதலில் புஷ், அவருக்குக் கீழே கோர். ஆனால் துளைகள் இரு பக்கத்துக்கும் மாறி மாறி ஒதுக்கப்பட்டிருந்தன. முதல் துளை புஷ்ஷுக்கு. இரண்டாவது துளை, வலப்பக்கத்தின் முதல் பெயரான சீர்திருத்தக் கட்சியின் பேட் புக்கானனுக்கு. மூன்றாவதுதான் கோருக்கு. பட்டியலில் இரண்டாவதாகத் தன் வேட்பாளரைப் பார்த்தவர் இரண்டாவது துளையைக் குத்தினால், வாக்கு அவருக்குச் சற்றும் ஒவ்வாத ஒருவருக்குப் போய்ச் சேரும். துளையைச் சுட்டும் அம்புக்குறிகள் இருந்தன. உற்றுப் பார்த்தால் சரியாகவே இருந்தன.

மாதிரிச் சீட்டு வாக்காளர்களுக்கு அனுப்பப்பட்டது, செய்தித்தாள்களில் வெளியானது. கட்சிக்காரர்களும் பார்த்தார்கள். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. இதை அலுவலகம் பின்னர் தன் தரப்பு வாதமாக வைத்தது. நியாயமான வாதமாகத் தோன்றலாம். ஆனால் தாளில் அச்சான படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்பது வேறு. கருவியின் முன் நின்றபடி, பின்னால் வரிசை காத்திருக்க, துளையைத் தேடுவது வேறு. உண்மையான கருவியில் இருபது முதியவர்களைக் குத்தச் சொல்லிப் பார்த்திருந்தால் ஒரே பிற்பகலில் தெரிந்திருக்கும். அந்தச் சோதனை நடக்கவில்லை.

வாக்குப்பதிவு நாள்

காலையிலேயே புகார்கள் வரத் தொடங்கின. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசியபோதுதான் சந்தேகம் எழுந்தது. கோரோடு துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜோ லீபர்மன், ஒரு பெரிய கட்சியின் சார்பில் அந்த இடத்துக்கு வந்த முதல் யூதர். அவருக்காகவே ஆவலோடு வந்த முதிய யூத வாக்காளர்கள், யூதர்களைப் பற்றிய பேச்சுகளுக்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளான புக்கானனுக்குத் தாங்கள் வாக்களித்துவிட்டோமோ என்று உணர்ந்தபோது சிலர் அழுதார்கள்.

தவறை உள்ளேயே உணர்ந்தவர்கள் செய்தது இன்னும் மோசமாக முடிந்தது. இரண்டாவது துளையைக் குத்திவிட்டு, ‘ஐயோ’ என்று மூன்றாவதையும் குத்தினார்கள். திருத்திவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள். இயந்திரத்துக்கு அது இரண்டு பேருக்கு அளித்த வாக்கு, அதாவது செல்லாத வாக்கு. கெட்டுப்போன அட்டையைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்கச் சட்டம் இடம் கொடுத்தது. கேட்டும் கிடைக்கவில்லை என்று சிலர் பின்னர் பிரமாணப் பத்திரங்களில் கூறினார்கள். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

பிற்பகலில் மேற்பார்வையாளர் வாக்குச்சாவடிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே ஓர் அதிபர் வேட்பாளருக்கு மட்டுமே வாக்களிக்க வேண்டும். தாங்கள் விரும்பும் வேட்பாளருக்கு அடுத்துள்ள எண்ணுக்கு அடுத்துள்ள அம்புக்குறிக்கு அடுத்துள்ள துளையைக் குத்த வேண்டும் என்று வாக்காளர்களுக்கு நினைவூட்டுங்கள் என்றது அது. சீட்டின் குழப்பத்தை ஒரே வாக்கியத்தில் இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதிக்காட்டியதில்லை. ஆனால் அதற்குள் பாதி நாள் கடந்துவிட்டது.

அந்த நிலையில் அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்? சீட்டை மாற்ற முடியாது. வாக்குப்பதிவை நிறுத்தும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு சாவடியின் வாசலிலும் பெரிதாக்கிய படம் ஒன்றை ஒட்டி, கெட்ட அட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்று உரக்கச் சொல்லச் செய்திருக்கலாம். சேதம் குறைந்திருக்கும், நின்றிருக்காது.

அன்றிரவு

அன்றிரவின் தொலைக்காட்சிக் கூத்து பலருக்கும் தெரிந்ததுதான். மாநிலத்தின் மேற்குக் கோடியில் வாக்குப்பதிவு முடியும் முன்பே ஃபுளோரிடா கோருக்கு என்றார்கள். பத்து மணியளவில் திரும்பப் பெற்றார்கள். அதிகாலை இரண்டே காலுக்குப் புஷ்ஷுக்கு என்றார்கள். அதையும் திரும்பப் பெற்றார்கள். இடையில் வொலூசியா கவுண்டியின் ஒரு சாவடியிலிருந்து கோருக்கு ‘கழித்தல் 16,022’ வாக்குகள் என்று கணினியில் பதிவான விந்தையும் உண்டு. கோர் புஷ்ஷைத் தொலைபேசியில் வாழ்த்திவிட்டு, சிறிது நேரத்தில் மீண்டும் அழைத்து வாழ்த்தைத் திரும்பப் பெற்றார். முதல் கணக்கில் வித்தியாசம் 1,784. அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் சட்டப்படி இயந்திர மறு எண்ணிக்கை நடந்தது. வித்தியாசம் சில நூறாகச் சுருங்கியது.

எண்கள் காட்டியவை

பாம் பீச்சில் புக்கானன் பெற்றவை 3,400-க்கும் மேற்பட்ட வாக்குகள். அடுத்த வீடான, மக்கள்தொகையில் பெரிய பிரோவர்ட் கவுண்டியில் அவருக்கு 800கூட இல்லை. அதனினும் பெரிய மயாமி-டேடில் சுமார் 560. பாம் பீச் புக்கானனின் கோட்டை என்று புஷ் தரப்பு சொல்லிப் பார்த்தது. புக்கானனே அதை ஏற்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை கோருக்குரியவையாக இருக்கும் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். தேர்தலில் நின்ற ஒருவர் இந்த வாக்குகள் என்னுடையவை அல்ல என்று சொன்னது, தேர்தல் நாளுக்கும் கோர் தோல்வியை ஏற்றதற்கும் இடைப்பட்ட அந்த 36 நாட்களின் நேர்மையான கணங்களில் ஒன்று.

இதற்குப் பின்னர் உறுதியான சான்றும் கிடைத்தது. அதே கவுண்டியில் தபால் வாக்காளர்களுக்கு அனுப்பப்பட்ட சீட்டு வண்ணத்துப்பூச்சி வடிவில் இல்லை. ஒரே ஊர், ஒரே வேட்பாளர்கள், வேறு வடிவம். தானாகவே அமைந்த பரிசோதனை. அரசியல் அறிவியலாளர்கள் குழு ஒன்று 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நேரில் வாக்களித்தவர்களிடம் புக்கானனின் பங்கு தபால் வாக்குகளில் இருந்ததைவிட நான்கு மடங்கு. கோருக்கு வாக்களிக்க வந்த 2,000-க்கும் மேற்பட்டோர் புக்கானனுக்குக் குத்திவிட்டார்கள் என்பது அவர்களின் முடிவு.

அதைவிடப் பெரிய எண் ஒன்று இருந்தது, அப்போது அதைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். கவுண்டியில் 19,000-க்கும் மேற்பட்ட அட்டைகளில் அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தன. அவற்றை உள்ளூர் நாளிதழ் பின்னர் ஒவ்வொன்றாகப் பார்த்தது: கோர், புக்கானன் இருவருக்கும் குத்தியவை 5,330. கோருக்கும், அவருக்கு அடுத்த துளையிலிருந்த சோஷலிசக் கட்சி வேட்பாளருக்கும் குத்தியவை 2,908. புஷ், புக்கானன் இருவருக்கும் குத்தியவை 1,631. கோரின் துளைக்கு மேலும் கீழும் வலப்பக்கத்து வேட்பாளர்களின் துளைகள் இருந்தன. புஷ்ஷின் துளைக்குக் கீழே மட்டும். சேதம் இரு தரப்புக்கும் உண்டு, ஒரே அளவில் இல்லை என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான்.

கையால் எண்ணும் முடிவு

கோர் தரப்பு நான்கு கவுண்டிகளில் மட்டும் கையால் எண்ணக் கோரியது: பாம் பீச், பிரோவர்ட், மயாமி-டேட், வொலூசியா. மாநிலம் முழுவதும் எண்ண ஒரே விண்ணப்பத்தில் கோரும் வழி அப்போதைய சட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கவுண்டியிலும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பாம் பீச்சில் வாக்குகளைச் சரிபார்க்கும் மூவர் குழுவில் ஒரு நீதிபதி, கவுண்டி ஆட்சிமன்ற உறுப்பினர் ஒருவர், மேற்பார்வையாளர் ஆகியோர் இருந்தனர். நான்கு சாவடிகளின் வாக்குகளை, அதாவது ஏறத்தாழ ஒரு சதவீதத்தை, நவம்பர் 11 அன்று எண்ணிப் பார்த்தார்கள். விடிவதற்குள் கோருக்கு நிகரமாக 19 வாக்குகள் கூடியிருந்தன. முழுவதும் எண்ண இரண்டுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. கவுண்டி முழுவதற்கும் பெருக்கினால் 1,900 வருமே என்ற கணக்கு அந்த அறையில் ஓடியது. நான்கு சாவடிகளை வைத்துப் போட்ட அந்தப் பெருக்கல் கடைசியில் பலிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இழுபறி. எண்ணக்கூடாது என்றது மாநிலத் தேர்தல் துறை. எண்ணலாம் என்றார் மாநிலத்தின் தலைமைச் சட்ட அலுவலரான அட்டர்னி ஜெனரல். நவம்பர் 16 அன்று மாநில உச்ச நீதிமன்றம் எண்ணலாம் என்றது. பின்னர் நவம்பர் 26 மாலை ஐந்து மணி என்று கெடு வைத்தது. துணுக்கு முழுதும் விழுந்தால் வாக்கு. ஒரு மூலையில் தொங்கினால்? குழிந்து மட்டும் இருந்தால்? விதி நடுவழியில் மாறியது. அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் அலுவலர்களின் படங்கள் உலகமெங்கும் போயின.

குழு ஒரு தவறு செய்தது: நன்றி நவிலல் நாளன்று விடுப்பு எடுத்தது. கெடு நாளன்று திங்கள் காலை வரை அவகாசம் கேட்டது. தேர்தல் முடிவுக்குச் சான்றளிக்கும் மாநிலச் செயலர் மறுத்தார். எண்ணிக்கை ஐந்து மணிக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பத்து நாள் உழைப்பு கணக்கில் சேரவில்லை. சேர்த்திருந்தாலும் கோருக்குக் கூடியிருக்கக்கூடியது சுமார் 200 வாக்குகள். 537-ஐ அது தனியாகத் தாண்டியிருக்காது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இங்கே இருக்கிறது. தொங்கும் துணுக்குகள், குழிந்த துணுக்குகள் எல்லாம் துளை சரியாக விழாத அட்டைகள். அவற்றைப் பார்த்து வாக்காளரின் எண்ணத்தை ஊகிக்க முடியும் என்பதால் வழக்கறிஞர்களும் கேமராக்களும் அங்கே குவிந்தார்கள். வண்ணத்துப்பூச்சி கெடுத்தது வேறு வகையை. இரண்டு துளைகள் தெளிவாக விழுந்த அட்டையை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் பயனில்லை. புக்கானனுக்கு மட்டும் குத்தப்பட்ட அட்டையோ முழுக்க முழுக்கச் செல்லுபடியாகும் வாக்கு. வாக்கு இரகசியமானது என்பதால் குத்தியவரைத் தேடிப்பிடித்துக் கேட்கவும் முடியாது. நாடே பார்த்துக்கொண்டிருந்த குவியலில் இந்தத் தவறுக்கான மருந்து இல்லை.

மறுதேர்தல் கோரிக்கை

மருந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கவுண்டியில் மீண்டும் வாக்குப்பதிவு. வாக்காளர்கள் சிலர் அதைத்தான் கேட்டார்கள். நவம்பர் 20 அன்று கவுண்டியின் நீதிபதி ஒருவர், அதிபர் தேர்தல் நாடெங்கும் ஒரே நாளில் நடக்க வேண்டியது, மறுதேர்தலுக்கு உத்தரவிடத் தனக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார். டிசம்பர் 1 அன்று மாநில உச்ச நீதிமன்றம் சீட்டின் வடிவம் சட்டத்தை மீறும் அளவுக்குப் பிழையானதல்ல என்றது.

கடுமையாகத் தெரிந்தாலும் அந்தத் தீர்ப்பைக் குறைசொல்வது எளிதல்ல. நவம்பர் 7 அன்று யாருக்கும் தெரியாத ஒன்று இப்போது எல்லோருக்கும் தெரியும்: மற்ற வாக்குகள் எல்லாம் எப்படி விழுந்தன என்பது. நேடருக்கு வாக்களித்தவர் மனம் மாறுவார், வீட்டிலிருந்தவர் ஓடிவருவார். ஒரு கவுண்டி மட்டும் தனியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதாக அது ஆகியிருக்கும்.

முடிவு

நவம்பர் 26 அன்று 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் வென்றதாக மாநிலம் சான்றளித்தது. டிசம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மாநிலமெங்கும் கை எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. அதுவும் துளை பதிவாகாத அட்டைகளுக்கு மட்டும். மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. டிசம்பர் 12 அன்று, கவுண்டிக்குக் கவுண்டி வேறு அளவுகோல் வைப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றும், திருத்தி எண்ண இனி நேரமில்லை என்றும் தீர்ப்பளித்தது. இரண்டாவது பகுதி ஐந்துக்கு நான்கு. அடுத்த நாள் கோர் தோல்வியை ஏற்றார். நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலையில் இருந்தவர் 271-க்கு 266 என்று தோற்றார்.

2001 நவம்பரில் செய்தி நிறுவனங்களின் கூட்டமைப்புக்காகச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு மையம் 1,75,010 ஏற்கப்படாத சீட்டுகளை ஆராய்ந்து முடித்தது. கோர் தரப்பு கோரிய அந்த நான்கு கவுண்டி எண்ணிக்கை முழுமையாக நடந்திருந்தாலும் புஷ்ஷே வென்றிருப்பார். இரட்டைக் குறி உள்ளவை உட்பட மாநிலத்தின் எல்லாச் சீட்டுகளையும் பார்த்து, எண்ணம் தெளிவாகத் தெரிந்தவற்றைச் சேர்த்திருந்தால், அளவுகோலைப் பொறுத்து 60 முதல் 171 வாக்குகளில் கோர் வென்றிருப்பார். யாரும் நீதிமன்றத்தில் உறுதியாகக் கேட்காத எண்ணிக்கை அது.

மாற்றப்பட்டவையும் மாறாதவையும்

2001-ல் ஃபுளோரிடா துளைச்சீட்டைத் தடைசெய்தது. 2002-ல் நாடாளுமன்றம் மாநிலங்களுக்குப் பழைய இயந்திரங்களை மாற்ற நிதி கொடுத்தது. மேற்பார்வையாளர் 2004-ல் பதவியை இழந்தார்.

பழி இயந்திரத்தின் மீது விழுந்தது பாதி நியாயம். வாக்காளர் கண்முன்னே சாவடியிலேயே சீட்டைப் படித்து, இரட்டைக் குறி இருந்தால் திருப்பித் துப்பும் கருவிகள் ஃபுளோரிடாவின் சில கவுண்டிகளில் அப்போதே இருந்தன. அங்கே செல்லாத வாக்குகள் ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. பாம் பீச்சில் அட்டைகள் மைய இடத்துக்குக் கொண்டுபோய் எண்ணப்பட்டன. தவறு தெரியும்போது தவறியவர் வீட்டில் இருந்தார். வடிவத்தை மாற்ற மனமில்லாவிட்டாலும் இந்த ஒரு மாற்றமே பல ஆயிரம் இரட்டைக் குறிகளைக் காப்பாற்றியிருக்கும்.

மறுபாதி, வடிவம். டுவால் கவுண்டியில் அதே ஆண்டு அதிபர் வேட்பாளர்கள் அடுத்தடுத்த இரு பக்கங்களில் இருந்தனர். மாதிரிச் சீட்டின் குறிப்போ எல்லாப் பக்கங்களிலும் வாக்களிக்கச் சொன்னது. சொன்னபடி செய்தவர்கள் உட்பட 20,000-க்கும் மேற்பட்டோரின் வாக்குகள் இரட்டைக் குறியால் செல்லாமல் போயின. வண்ணத்துப்பூச்சியின் புகழில் அது மறைந்துவிட்டது.

துளைச்சீட்டு போய்த் தொடுதிரை வந்த பிறகு, 2006-ல் சரசோட்டா கவுண்டியில் நாடாளுமன்றப் போட்டியை ஆளுநர் போட்டியின் பெரிய தலைப்போடு ஒரே திரையில் வைத்தார்கள். சுமார் 18,000 பேர் அதைக் கவனிக்காமலே கடந்தார்கள், வித்தியாசம் 369. மறு ஆண்டு ஃபுளோரிடா மீண்டும் காகிதத்துக்குத் திரும்பியது. 2018-ல், பாம் பீச்சுக்குத் தெற்கே அடுத்த கவுண்டியான பிரோவர்டில், செனட் போட்டியை வாக்களிக்கும் முறை பற்றிய நீண்ட குறிப்புக்குக் கீழே, இடது பத்தியின் அடியில் அச்சிட்டார்கள். ஆளுநர் பதவிக்கு வாக்களித்த பல்லாயிரம் பேரின் சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மாநிலம் முழுவதற்குமான வித்தியாசம் 10,033. அந்தச் சீட்டின் மாதிரியும் தேர்தலுக்கு முன்பே வாக்காளர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.